திரையில் வந்த வட்ட மேசை

போன வாரம் மாமா போட்ட குண்டின் புகை இன்னும் அடங்கவில்லை.

"இந்த வருஷம் மாநாட்டுக்கு நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போங்க. சாயங்காலம் மூணு வரியையும் மருமகளே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கை கழுவ எழுந்து போய்விட்டார். எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்த மருமகளுக்குத்தான் அதற்கப்புறம் ஒரு வாய் இறங்கவில்லை.

மூணு வரி என்றால் என்னவென்று புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களின் சேமிப்பை எங்கே போடலாம், எப்போது எடுக்கலாம் என்று யோசனை சொல்லும் சின்ன நிறுவனம் மாமாவுடையது. ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா, மருந்துக்கடைக்காரர், சொந்தமாக இரண்டு டாக்ஸி ஓட்டுகிறவர், பாட்டு டீச்சர் என்று முப்பது குடும்பங்கள் அவரை நம்பி இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய ஓட்டலில் முதலீட்டு ஆலோசகர்களுக்கு மாநாடு நடக்கும். சந்தை எப்படிப் போகும், நாடுகள் எப்படி ஒன்றை ஒன்று முறைத்துக்கொள்ளும், நல்ல தலைமை என்றால் என்ன என்று பெரிய பெரிய மூளைகள் மேடை ஏறிப் பேசும். மாமா பகல் முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு, அன்று மாலையே அத்தனை பேரையும் ஆபீசுக்கு வரவழைத்து, கேட்டதை மூன்றே வரியில் சொல்வார். சந்தைக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று, நமக்கு ஒன்று. அத்தை டீ கொடுப்பார். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

அந்த மூன்று வரியைச் சொல்கிறவர்தான் அடுத்து நிறுவனத்தை நடத்தப் போகிறவர் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, மருமகளுக்குத் தெரியாதா? எட்டு வருஷமாக அந்த ஆபீசில் அவள் செய்யாத வேலை இல்லை. ஆசை இருந்தது. அதை வெளியே காட்டினால் பேராசைக்காரி என்று பெயர் வந்துவிடுமோ என்று பயமும் இருந்தது.

அந்த ஆசையையும் பயத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் காலையில் மாநாட்டு அரங்கில் போய் உட்கார்ந்தாள். குளிரூட்டியைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர்கள் எல்லோரும் ஏதோ புரிந்த மாதிரியே தலையாட்டினார்கள்.

முதலில் வந்தவர் சந்தை நிபுணர். மூக்கு நுனியில் கண்ணாடி. பங்குகள் அளவுக்கு மீறி ஏறிவிட்டன, எச்சரிக்கையாக இருங்கள் என்றார். பயந்துகொண்டு வெளியே வந்துவிட்டால் பெரிய ஏற்றத்தைத் தவறவிடுவீர்கள் என்றார். தங்கத்தில் கொஞ்சம், கடன் பத்திரத்தில் கொஞ்சம், கையில் ரொக்கமாகக் கொஞ்சம் இருக்கட்டும் என்றவர், ரொக்கமாக வைத்திருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து என்று முடித்தார். மருமகள் முதல் வரியாக 'ஏறும்' என்று எழுதி, அடித்து, 'இறங்கும்' என்று எழுதி, அதையும் அடித்தாள்.

அடுத்து ஒரு முன்னாள் தூதர் அம்மாள். உலக வரைபடத்தைத் திரையில் போட்டு, இந்தக் கடல் வழி அடைபட்டால் இது நடக்கும், அந்த எல்லையில் சண்டை வந்தால் அது நடக்கும் என்று சிவப்புப் புள்ளியை ஓட்டிக்கொண்டே போனார். ஒருவர் எழுந்து, "நாங்க என்னதான் செய்யணும்?" என்று பரிதாபமாகக் கேட்டார். "எதற்கும் தயாராக இருங்கள்" என்றார் அம்மாள், மிகவும் அன்பாக. அரங்கம் கைதட்டியது. மருமகளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

மூன்றாவது, தலைமை. பேச வந்தவர் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர். வெள்ளைக் காலணி, டை இல்லாத கோட்டு. நல்ல தலைவன் குறைவாகப் பேசுவான் என்பதை ஒரு மணி நேரம் விளக்கினார். கடைசியில், "அடுத்த மாதம் ஒரு சின்னக் குடும்ப நிறுவனம் எங்களோடு இணைகிறது. பெயரை இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள்" என்று திரையில் ஒரு படத்தைப் போட்டார்.

ஒரு வட்ட மேசை. சுற்றிலும் ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள். மேசையின் ஒரு ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம், கறுப்பாக, முக்கோணமாக.

மருமகளின் கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டது. அவள் எடுக்கவில்லை.

அது அத்தையின் இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம். நிறுவனம் ஆரம்பித்த புதிதில் மேசை வாங்க வழியில்லாமல், வீட்டுச் சாப்பாட்டு மேசையையே மாமா தூக்கிக்கொண்டு போய்ப் போட்டாராம். அத்தை அதன் மேல் துணி இஸ்திரி போட்ட காலத்துத் தடம் அது. எட்டு வருஷமாக மருமகள் தன் டீ கோப்பையை அதன் மேல்தான் வைக்கிறாள்.

"இந்த மேசைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்பதே கிடையாது. இதுதான் தலைமை!" என்று கையை விரித்தார் வெள்ளைக் காலணிக்காரர். மறுபடியும் கைதட்டல். பழக்க தோஷத்தில் மருமகளும் இரண்டு தட்டு தட்டிவிட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் கணவனைத் தேடிப் பிடித்தாள். வீட்டிலும் ஆபீசிலும் அவனுக்கு 'வானிலை' என்று பெயர். எதைப் பற்றிக் கேட்டாலும் முன்னறிவிப்பு கொடுப்பான். பக்கத்து அரங்கில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவன், தட்டில் இருந்த சூப்பை மறந்துவிட்டு, "அடுத்த பத்து வருஷம் சின்ன நாடுகளோட காலம், எழுதி வச்சுக்கோங்க" என்று பக்கத்தில் நின்ற யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டில் 'நீ', நாலு பேர் முன்னால் 'நீங்க'. அதுதான் அவள் வழக்கம். அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "இப்படி ஒரு விஷயத்த என்கிட்ட மறைச்சிருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள்.

வானிலை திருதிருவென்று முழித்தான். "அப்பா சொல்லிட்டாரா?"

அப்படியென்றால் உண்மைதான். "யாரும் சொல்லல. நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"இன்னிக்குச் சாயங்காலம் நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். கோவிச்சுக்காத."

"எப்ப முடிவாச்சு?"

"மூணு மாசம் இருக்கும். அப்பாவுக்கு வருத்தம்தான். ஆனா, சரின்னுட்டார்."

"மூணு மாசமா எனக்குத் தெரியாம!"

அதற்குள் மணி அடித்தது. "மிச்சத்த வீட்ல பேசிக்கலாம்" என்று மென்று முழுங்கிவிட்டு, சூப்போடு அரங்குக்குள் புகுந்துகொண்டான்.

பிற்பகல் பேச்சுக்கு அவள் இருக்கவில்லை. வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். நிறுவனத்தை விற்கப் போகிறார்கள். சரி, விற்கட்டும், அவர்கள் சொத்து. ஆனால் விற்கிற கடையின் வாசலில் நின்று முப்பது குடும்பங்களுக்கு நம்பிக்கை கொடுக்க அவள்தான் கிடைத்தாளா? இதற்குத்தான் 'மருமகளே சொல்லட்டும்' என்றாரா மாமா? பொம்மையாக நிற்க வைத்துவிட்டார்களே என்று அழுகை முட்டியது. பக்கத்து ஸீட்டுப் பெண்மணி கைக்குட்டையை நீட்டினாள். வாங்கிக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது, வேண்டாம் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

ஆபீசில் மாமா நாற்காலிகளை வட்ட மேசையைச் சுற்றி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே சமையல் தடுப்பில் அத்தை கோப்பைகளைக் கழுவும் சத்தம்.

"என்கிட்ட ஏன் மாமா மறைச்சீங்க?"

"என்னம்மா?"

"என்கிட்ட ஏன் மறைச்சீங்கன்னு கேட்டேன்!" குரல் அவளை அறியாமல் உயர்ந்துவிட்டது.

மாமா தூக்கிய நாற்காலியை அப்படியே கீழே வைத்தார். அதிலேயே உட்கார்ந்தார். "அவன் சொல்லிட்டானா?"

இது என்ன, அவரைக் கேட்டால் இவர், இவரைக் கேட்டால் அவர்?

"வெக்கமா இருந்துச்சும்மா. ரெண்டு வருஷமா வலது காது சுத்தமா போச்சு. இடது காதுலயும் பாதிதான். டாக்டர்கிட்ட அவன்தான் கூட்டிட்டுப் போனான். காதுல மாட்ற மெஷின் கொடுத்தாங்க. அத மாட்டினா ஊர்ல இருக்கற மின்விசிறி எல்லாம் என் தலைக்குள்ள சுத்துது."

காதா?

"போன ரெண்டு மாநாட்டுலயும் ஒரு வார்த்தை எனக்கு விளங்கலம்மா. எல்லாரும் சிரிச்சா சிரிச்சேன். கை தட்டினா தட்டினேன்."

"அப்ப போன வருஷம் சொன்ன மூணு வரி?"

"நானாச் சொன்னது."

"அவசரப்பட்டு எதையும் விக்காதீங்கன்னு சொன்னீங்களே. அது எல்லாருக்கும் நல்லதாத்தானே அமைஞ்சுது?"

"அத எந்த வருஷத்துலயும் சொல்லலாம்மா" என்றார் மாமா, தலையைக் குனிந்தபடி.

வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வருகிற இடத்தில் குழப்பம் வந்து குந்திக்கொண்டிருந்தது. "சரி மாமா, காத விடுங்க. விக்கறத ஏன் மறைச்சீங்க?"

"எந்த ஷேர?"

"ஷேர் இல்ல மாமா. ஆபீஸ! இந்த ஆபீஸ!"

மாமா அவள் உதட்டையே பார்த்தார். சரியாகத்தான் கேட்டதா என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது. "ஆபீஸ விக்கறாங்களா? யாரு?"

அந்த நேரம் பார்த்து வானிலை உள்ளே நுழைந்தான். கையில் மாநாட்டில் கொடுத்த துணிப்பை, முகத்தில் சமாதானச் சிரிப்பு. மருமகள் அவனை விடவில்லை. திரையில் பார்த்ததைச் சொன்னாள். இஸ்திரித் தடத்தைச் சொன்னாள். வெள்ளைக் காலணியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் சிரிப்பு தேய்ந்துகொண்டே போனது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதே!" என்றான்.

"மூணு மாசம் முன்னாடியே முடிவாச்சுன்னு மத்தியானம் சொன்னது யாரு?"

"அது வேற!" அவன் அப்பாவை ஒரு தடவை பார்த்தான். "இந்த ஆபீஸ என்னால நடத்த முடியாதுன்னு அப்பாகிட்ட சொன்னேன். எனக்குப் பேசத்தான் வரும். ஒரு மனுஷன் எதிர்ல உக்காந்து, என் பணம் போயிடுமான்னு கேட்டா எனக்கு எழுந்து ஓடணும் போல இருக்கு. அவ உக்காரட்டும், அவளுக்குத்தான் அந்தப் பொறுமை இருக்குன்னு சொன்னேன். பொண்டாட்டிகிட்ட அதச் சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. அவ்ளோதான்."

மாமா இடது காதை அவன் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆமாம்மா. இனிமே நீதான்" என்றார்.

எட்டு வருஷமாக மனசுக்குள் பூட்டி வைத்திருந்த ஆசை இப்படி ஒரு நாற்காலிக் குவியலுக்கு நடுவில் நிறைவேறும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் எதை வைத்துச் சந்தோஷப்படுவது? இவர்கள் இரண்டு பேரும் கொடுக்கிறார்கள். யாரோ ஏற்கெனவே விற்றுவிட்டார்கள். மூன்று பேரும் வட்ட மேசையைச் சுற்றி நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, ஆபீஸ் யார் பேர்ல இருக்கு?"

மாமா நெற்றியைச் சுருக்கினார். "அப்ப நான் பேங்க்ல வேலையில இருந்தேன். வெளிய தொழில் பண்ணக் கூடாது. அதனால..." மேலே சொல்லாமல் சமையல் தடுப்பின் பக்கம் திரும்பினார். அவருக்கே இப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருந்தது. கோப்பை கழுவும் சத்தம் நின்றிருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். முதல் ஆளாக மருந்துக்கடைக்காரர், பின்னாலேயே பாட்டு டீச்சர். ஆண்கள் இருவரும் முகத்தைச் சரிசெய்துகொண்டு வரவேற்கப் போனார்கள். மருமகள் தடுப்புக்குள் நுழைந்தாள்.

அத்தை கோப்பைகளைத் தட்டில் வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே, "நான்தான்" என்றார்.

"ஏன் அத்தை?"

"நீங்க மூணு பேரும் வெளிய போயிருந்த அன்னிக்கு அந்தப் பெரிய கம்பெனியிலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க, ஆபீஸ வாங்கிக்கறோம்னு. மேசைய போட்டோ எடுத்தாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க. யோசிச்சுப் பார்த்தேன். அவருக்குக் காது போச்சு. அவர் சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? டிவிய அவ்வளவு சத்தமா வச்சுக் கேக்கறவர் யாரு? பிள்ளை வேண்டாம்னுட்டான். அதையும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன்."

"நான் இருந்தேனே அத்தை?"

அத்தை இப்போது திரும்பினார். கையில் துடைக்கிற துணி. "நீ எட்டு வருஷமா இத 'மாமா ஆபீஸ்'னுதான் சொல்ற. போன்ல யார்கிட்டப் பேசினாலும் 'மாமா ஆபீஸ்ல இருக்கேன்'. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நம்ம ஆபீஸ்னு உன் வாயில வந்ததில்ல. சரி, இவ ஏதோ கடமைக்கு வந்துட்டுப் போறா, நல்ல எடத்துல கூப்பிட்டா போயிடுவான்னு நெனச்சேன். கடைசியில இந்த வயசுல நாங்க ரெண்டு பேரும் கிடந்து முழிக்கறதுக்குப் பதிலா, நல்ல கையில கொடுத்துடலாம்னு தோணுச்சு."

"அது மரியாதைக்குச் சொன்னது அத்தை!"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்து மூடியைத் தள்ளியது. மருமகள் அதை இறக்கி வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் எதையும் எனக்கு வேண்டும் என்று கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வாள், கொடுக்காததற்குக் காரணம் அவளே கண்டுபிடித்துக்கொள்வாள். அதை நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"எனக்கு வேணும் அத்தை" என்றாள்.

அத்தையின் முகத்தில் ஏதோ அசைந்தது. "போன செவ்வாய்க்கெழம கையெழுத்துப் போட்டுட்டேனே" என்றார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தேவலை.

வெளியே மாமா கூப்பிட்டார், வழக்கம்போல் கொஞ்சம் அதிகச் சத்தமாக. "எல்லாரும் வந்தாச்சும்மா!"

வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் போக, மற்றவர்கள் சுவரோரமாக நின்றார்கள். மருமகள் நடுவில் வந்து நின்றாள். என்ன சொல்வது? அவசரப்பட்டு எதையும் விற்காதீர்கள் என்று மாமா மாதிரி சொல்லிவிடலாம். இன்றைக்கு அதைச் சொல்ல நாக்கு எழுமா?

"சந்தை ஏறும்னும் சொல்றாங்க, எறங்கும்னும் சொல்றாங்க" என்று ஆரம்பித்தாள். "உலகத்துல எது வேணா நடக்கலாமாம். தலைமையப் பத்தி ஒருத்தர் ஒரு மணி நேரம் பேசினார். உண்மையச் சொல்லணும்னா, எனக்கு ஒண்ணும் தெளிவாப் புரியல."

"அட, இத நாங்க வீட்ல உக்காந்து பேப்பர்லயே படிச்சிருப்போமே" என்றார் மருந்துக்கடைக்காரர். ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

நர்ஸ் அம்மா சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, மேசையில் இருந்த தடத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். "அதெல்லாம் கெடக்கட்டும்மா. அதப் பத்தி எனக்குக் கவலையில்ல. எங்க பணம் உங்க கையிலதானே இருக்கும்? வேற யார் கைக்கும் போயிடாதே?"

மாமாவுக்குக் கேட்கவில்லை. யாரோ நல்லதாக ஏதோ கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, வாய் நிறையச் சிரித்து, ஆமாம் ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினார்.

வானிலை தரையைப் பார்த்தான். கதவோரத்தில் அத்தை டீத் தட்டோடு நின்றார்.

"தெரியலம்மா" என்றாள் மருமகள்.

மாமா மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் தெரியும்னு நெனச்சேன். இப்பத் தெரியல. ஆனா நம்ம ஆபீஸ்ல நின்னுக்கிட்டு உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியற அன்னிக்கு, மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்."

நர்ஸ் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கைதட்டவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

அத்தை டீத் தட்டைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். ஒருவருக்கும் எடுத்துக் கொடுக்காமல், அந்தக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அவர் யாருடனோ கையை ஆட்டி ஆட்டி வாதாடுவது தெரிந்தது. எவ்வளவு உற்றுக் கவனித்தும் மருமகளுக்கு அதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.